பழைய போனுக்கு ஏன் ஆளுக்கொரு விலை சொல்கிறார்கள்?

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் பழைய வெள்ளிக் கொலுசைக் கொடுத்துப் புதுக் கொலுசு வாங்கப் போகிறவருக்குக் கணக்கு ஓரளவு முன்கூட்டியே தெரியும். எடை போடுவார்கள், டச் (வெள்ளியின் சுத்தம்) பார்ப்பார்கள், கழிவு போக இவ்வளவு என்பார்கள். அன்றைய வெள்ளி விலை ஊருக்கே தெரிந்த விலை. பேரம் பேசினாலும் பெரிய வித்தியாசம் வந்துவிடாது. அதே ஆள் அங்கிருந்து கிளம்பி, புது பஸ் ஸ்டாண்டு பக்கம் இருக்கிற செல்போன் கடையில் தன் இரண்டு வருஷப் போனை நீட்டினால் கதையே வேறு. முதல் கடையில் 7,000 ரூபாய் என்பார்கள். அடுத்த கடையில் 5,500. மூன்றாவது கடைக்காரர் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பில்லு பாக்ஸ் இருக்குதுங்களா?" என்பார். இல்லை என்று தலையாட்டினால் 4,000-க்கு மேல் பேச மாட்டார். போன் என்னவோ அதே போன்தான்.

வெள்ளியை உரசிப் பார்த்தால் தெரிந்துவிடும். போனை அப்படி உரசிப் பார்க்க வழியில்லை. தண்ணீரில் விழுந்து எழுந்ததா, டிஸ்ப்ளே மாற்றியதா, ஈஎம்ஐ பாக்கி இருக்கிறதா, யாரிடமிருந்தாவது அடித்துக்கொண்டு வந்ததா என்பதெல்லாம் விற்கிறவருக்குத் தெரியும், வாங்குகிறவருக்குத் தெரியாது. இப்படி ஒரு தரப்புக்கு மட்டும் விவரம் தெரிந்த சந்தையில் என்ன நடக்கும் என்பதை ஜார்ஜ் அகெர்லாஃப் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் 1970-இல் பழைய கார்களை வைத்து விளக்கினார். நல்ல வண்டி எது, கோளாறு வண்டி எது என்று பிரித்துப் பார்க்க முடியாதவர் இரண்டுக்கும் நடுவில் ஒரு விலைதான் கொடுக்கத் துணிவார். அந்த விலைக்கு நல்ல வண்டி வைத்திருப்பவர் விற்க மாட்டார், வீட்டிலேயே நிறுத்திக்கொள்வார். அவர் விலகியதும் சந்தையில் கோளாறு வண்டிகளின் பங்கு கூடும். அது தெரிந்து வாங்குகிறவர் விலையை இன்னும் குறைப்பார். இந்த விளக்கத்துக்காக 2001-இல் இன்னும் இரண்டு பேருடன் சேர்த்து அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

பழைய போன் சந்தையும் இதே மாதிரிதான் ஓடுகிறது. கடைக்காரர் சொல்கிற விலையில் இரண்டு கழிவுகள் ஒளிந்திருக்கின்றன. ஒன்று, பொருள் பழசானதற்கான கழிவு. அதை நாம் ஒன்றும் செய்ய முடியாது. இன்னொன்று, உங்கள் போனைப் பற்றி அவருக்கு இருக்கிற சந்தேகத்துக்கான கழிவு. இதைக் குறைக்க முடியும், அதுவும் பெரும்பாலும் காசு செலவில்லாமல். முதல் தடவை போன் விற்கப் போகிறவர்கள் இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காமல், "ஏமாத்துறாங்க" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள்.

பழசானதால் விழுகிற விலை

போனுக்கு வயது மாதக் கணக்கில் மட்டும் ஏறுவதில்லை. அந்த மாடலுக்கு அடுத்த மாடல் வந்த நாளில் ஒரு படி இறங்கும். ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். பெரும்பாலும் செப்டம்பரில் புது ஐபோன் அறிவிக்கப்படும், பழைய மாடல்களின் விலை அதையொட்டிச் சரியும். ஆகஸ்டிலேயே விற்பது லாபம்தான், ஆனால் நடுவில் ஒரு மாதம் எந்தப் போனை வைத்துச் சமாளிப்பது என்பதற்கு வீட்டில் பதில் இருக்க வேண்டும்.

அடுத்தது அப்டேட். எத்தனை வருஷத்துக்குப் பாதுகாப்பு அப்டேட் வரும் என்பது இப்போது மறுவிற்பனை விலையைத் தீர்மானிக்கிற பெரிய விஷயமாகிவிட்டது. 2023-இல் வந்த கூகுள் பிக்சல் 8-க்கும், 2024 தொடக்கத்தில் வந்த சாம்சங் எஸ் 24 வரிசைக்கும் ஏழு வருஷ அப்டேட் என்று அந்தந்த நிறுவனமே அறிவித்தது. மலிவு விலைப் போன்கள் சிலவற்றுக்கு இரண்டு மூன்று வருஷத்தோடு முடிந்துவிடும். அப்டேட் நின்றுபோன போன் மறுநாளே கெட்டுப்போகாது. ஆனால் மெல்ல மெல்ல ஒவ்வொரு ஆப்பாகக் கைவிடும். 2025 ஜனவரி முதல் ஆண்ட்ராய்டு 5-க்குக் கீழே உள்ள போன்களில் வாட்ஸ்அப் ஓடுவதில்லை. வாட்ஸ்அப் ஓடாத போனை நம் ஊரில் யார் வாங்குவார்கள்?

அப்புறம் 5ஜி. இந்தியாவில் அது 2022 அக்டோபரில் தொடங்கியது. அதன் பிறகு 4ஜி மட்டும் உள்ள போனைக் கையில் வைத்துக்கொண்டு, "கேமரா சூப்பரா இருக்கும்ணா" என்று சொன்னாலும் கடைக்காரர் முகம் மாறாது. நெட்வொர்க், ரேம், ஸ்டோரேஜ் மூன்றையும்தான் முதலில் கேட்பார்.

பேட்டரிக்கு ஒரு அளவு சொல்லலாம். ஐபோன் 14 வரையுள்ள மாடல்களின் பேட்டரி 500 முழு சார்ஜ் சுற்றுக்குப் பிறகும் தன் ஆரம்பக் கொள்ளளவில் 80 சதவீதத்தைத் தாங்கும்படி வடிவமைத்திருப்பதாக ஆப்பிள் சொல்கிறது. ஐபோன் 15 முதல் அது 1,000 சுற்று. இங்கே ஒரு சுற்று என்பது தடவைக் கணக்கு இல்லை. இன்று பாதி, நாளை பாதி ஏற்றினால் இரண்டும் சேர்ந்துதான் ஒரு சுற்று. ஐபோனில் செட்டிங்ஸுக்குள் பேட்டரி பகுதியில் இந்தச் சதவீதம் தெரியும். சில ஆண்ட்ராய்டு போன்களிலும் இப்போது காட்டுகிறார்கள். 80-க்குக் கீழே போயிருந்தால், பேட்டரி மாற்றும் செலவைக் கடைக்காரர் மனதுக்குள்ளேயே கழித்துக்கொள்வார்.

விற்பதற்கு முன்னால் பேட்டரியையோ டிஸ்ப்ளேவையோ மாற்றிவிடலாமா என்று பலர் கேட்பார்கள். என் கருத்து, வேண்டாம். வெளியே வாங்கிப் போட்ட டிஸ்ப்ளே ஒரிஜினல் இல்லை என்பதைக் கடைக்காரர் விரலால் இரண்டு தடவை தேய்த்தாலே சொல்லிவிடுவார். ஐபோனாக இருந்தால் தேய்க்கவே வேண்டாம். புதிய மாடல்களில் எந்தப் பாகம் மாற்றப்பட்டது, அது ஒரிஜினலா என்பதை செட்டிங்ஸில் அபவுட் பக்கமே காட்டிக்கொடுக்கும். நீங்கள் செலவு செய்த காசும் திரும்பி வராது, போதாததற்கு "இதைத் திறந்திருக்காங்க" என்ற சந்தேகமும் சேர்ந்துகொள்ளும். ஓரத்தில் சின்ன கீறல் இருக்கிற ஒரிஜினல் டிஸ்ப்ளே, பளபளப்பான மாற்று டிஸ்ப்ளேவைவிட நல்ல விலைக்குப் போகும்.

ஏற்காட்டில் இருப்பவர்களுக்குக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. மழையிலும் பனிமூட்டத்திலும் எஸ்டேட்டுக்குள் சட்டைப் பையில் போனை வைத்துக்கொண்டு அலைகிறவர்களின் போனைக் கடையில் கொடுத்தால், முதலில் சிம் ட்ரேயைத்தான் உருவிப் பார்ப்பார்கள். பல போன்களில் அந்தத் துவாரத்துக்குள்ளேயோ மூடியின் உள்ளேயோ சின்ன வெள்ளை ஸ்டிக்கர் ஒன்று இருக்கும். தண்ணீர் நேரடியாகப் பட்டால் அது சிவப்பாகவோ ரோஸ் நிறமாகவோ மாறிவிடும். வெறும் ஈரக் காற்றுக்கு அது மாறக் கூடாது என்பதுதான் அமைப்பு. அது சிவந்திருந்தால், "மலையில் பனி அதிகம்ணா" என்கிற சமாதானம் கடையில் எடுபடாது. போன் நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தாலும் விலை இறங்கும், ஏனென்றால் உள்ளே போர்டில் துரு பிடித்து என்றைக்கு நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

எக்ஸ்சேஞ்ச் கணக்கு

புதுப் போன் வாங்குகிறவர்களில் பலர் பழையதைத் தனியாக விற்பதில்லை. ஐந்து ரோட்டில் ஒரு ஷோரூமுக்குள் நுழைந்து எக்ஸ்சேஞ்ச் போட்டுவிட்டு வந்துவிடுகிறார்கள். வேலை சுலபம். ஆனால் கணக்கு குழப்பமானது, குழப்பத்தில்தான் காசு கரைகிறது.

இதைப் புரிந்துகொள்ள அரசாங்கமே ஒரு உதாரணம் கொடுத்திருக்கிறது. 2017-இல் வந்த ஜிஎஸ்டி விதிகளில் 27-ஆம் விதிக்குக் கீழே உள்ள உதாரணம் ஒரு போன் எக்ஸ்சேஞ்ச்தான். பழைய போனைக் கொடுத்தால் புதுப் போன் 20,000 ரூபாய், கொடுக்காவிட்டால் 24,000 ரூபாய் என்றால், வரி போட எடுத்துக்கொள்ள வேண்டிய மதிப்பு 24,000 என்கிறது விதி. நீங்கள் கையில் கொடுத்தது 20,000 ஆனாலும், பழைய போனும் ஒரு விதத்தில் பணம்தான் என்பது இதன் பொருள். அந்த உதாரணத்தில் பழைய போனின் விலை 4,000.

அங்கிருந்துதான் நாம் கேட்க வேண்டிய கேள்வி கிடைக்கிறது: "எக்ஸ்சேஞ்ச் இல்லாம, ரொக்கமா வாங்கினா என்ன விலைங்க?" இந்தக் கேள்வியைக் கேட்காமல் பழைய போனுக்கு எவ்வளவு தருகிறார்கள் என்று கணக்குப் போடவே முடியாது.

ஒரு கணக்கைப் பார்ப்போம். புதுப் போன் 24,000 என்று போட்டிருக்கிறார்கள். உங்கள் போனுக்கு 6,000 தருகிறோம் என்கிறார்கள். நீங்கள் கட்ட வேண்டியது 18,000. வேறு கடையில் 5,200-தான் சொன்னார்கள் என்றால் இது சந்தோஷமாகத்தான் இருக்கும். ஆனால் அதே புதுப் போன் ரொக்கத்துக்குப் பக்கத்துக் கடையில் 22,500-க்குக் கிடைக்கிறது என்றால், உங்கள் பழைய போனுக்கு உண்மையில் கிடைத்தது 4,500 ரூபாய்தான். 5,200 சொன்ன கடையில் அதை விற்றுவிட்டு, புதுசை 22,500-க்கு வாங்கியிருந்தால் கையிலிருந்து போவது 17,300. அதாவது 700 ரூபாய் மிச்சம். விலையை முதலில் ஏற்றி வைத்துவிட்டு எக்ஸ்சேஞ்சில் தாராளம் காட்டுவது பழைய வித்தை.

எல்லா எக்ஸ்சேஞ்சும் இப்படித்தான் என்று சொல்லிவிட முடியாது. தீபாவளி சமயத்தில் சில நிறுவனங்கள் தங்கள் கைக்காசைப் போட்டு 'போனஸ்' என்று கூடுதலாகத் தருவதுண்டு. ரொக்க விலையும் அதே 22,500, எக்ஸ்சேஞ்சில் கட்ட வேண்டியது 16,500 என்றால், பழைய போனுக்கு 6,000 உண்மையிலேயே கிடைக்கிறது. யோசிக்காமல் கொடுத்துவிடலாம். அந்த போனஸ் குறிப்பிட்ட மாடலுக்கு மட்டுமா, குறிப்பிட்ட வங்கிக் கார்டுக்கு மட்டுமா என்பதைப் பணம் கட்டும் முன்னால் கேட்டுக்கொள்ளுங்கள்.

இணையத்தில் போடுகிற எக்ஸ்சேஞ்சில் 'அதிகபட்சம் இவ்வளவு வரை' என்று பெரிய எழுத்தில் வருகிற தொகை உங்கள் போனுக்கானது இல்லை. அந்தப் பட்டியலிலேயே மிக விலையுயர்ந்த போனுக்குக் கிடைக்கிற தொகை அது. உங்கள் மாடல், ஐஎம்இஐ எண் (ஒவ்வொரு போனுக்கும் உள்ள தனி அடையாள எண்), கீறல், டிஸ்ப்ளே பற்றிய கேள்விகளுக்குப் பதில் சொன்ன பிறகு வருவதுதான் நிஜத் தொகை. பழைய போனை வாங்கிக்கொள்ள வீட்டுக்கு வரும் தம்பி ஒரு ஆப்பை வைத்து டச், ஸ்பீக்கர், கேமரா எல்லாம் சோதிப்பார். நீங்கள் மறைத்த கீறல் அங்கே வெளிவந்தால் வாசலிலேயே தொகை குறையும்.

இந்த வாசல் எக்ஸ்சேஞ்சில் பலர் மாட்டிக்கொள்கிற இடம் ஒன்று உண்டு. புதுப் போன் கைக்கு வரும் அதே நிமிஷம் பழைய போன் கையை விட்டுப் போகிறது. "புதுசுக்கு எல்லாத்தையும் மாத்திட்டு சாயங்காலம் தர்றேன்" என்றால் நடக்காது. அதனால் முந்தின நாளே எல்லாவற்றையும் காப்பி எடுத்து முடித்திருக்க வேண்டும். சிம்மையும் வேறு ஒரு போனில் போட்டு வைத்திருங்கள், டெலிவரி ஓடிபி அதற்குத்தான் வரும். ரீசெட் பண்ணிய போனைக் கையில் வைத்துக்கொண்டு ஓடிபியைத் தேடுகிற நிலைமை யாருக்கும் வேண்டாம்.

யாரிடம் விற்பது

எக்ஸ்சேஞ்ச் வேண்டாம் என்று முடிவு செய்தால் வழிகள் சில. செகண்ட் ஹேண்ட் கடையில் கொடுப்பது உடனடி ரொக்கம், குறைந்த விலை. கடைக்காரர் வாடகை கட்ட வேண்டும், விற்காமல் தங்கிப்போகிற போன்களின் நஷ்டத்தைத் தாங்க வேண்டும், கணக்கில் காட்டி விற்றால் தன் லாபத்தின் மீது ஜிஎஸ்டி கட்ட வேண்டும், ஒரு மாதம் வாரண்டி என்று சொல்லி விற்றால் திரும்பி வருகிற போனையும் பார்க்க வேண்டும். உங்களிடம் 5,000-க்கு வாங்கியதை அவர் 7,000-க்கு விற்பதைப் பார்த்துக் கோபப்பட ஒன்றுமில்லை. கேஷிஃபை போன்ற பழைய போன் வாங்குகிற நிறுவனங்கள் ஆப்பிலேயே விலை சொல்லி, ஆளை அனுப்பி வாங்கிக்கொள்கின்றன. உங்கள் பின்கோடுக்கு ஆள் வருவார்களா என்பது ஆப்பில் போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். விற்காவிட்டாலும் அதில் வருகிற தொகையைப் பார்த்து வைத்துக்கொண்டு கடைக்குப் போவது நல்லது. பேரம் அந்த எண்ணிலிருந்து தொடங்கும்.

நேரடியாக ஆளிடம் விற்றால்தான் நல்ல விலை. ஓஎல்எக்ஸ் போன்ற இடங்களில் விளம்பரம் போடலாம். அங்கே வருகிற ஏமாற்று ஒன்று எல்லா ஊரிலும் ஒரே மாதிரி இருக்கிறது: பேரமே பேசாமல் ஒப்புக்கொள்வார், ராணுவத்தில் இருக்கிறேன் என்பார், முன்பணம் அனுப்புகிறேன், இந்த க்யூஆரை ஸ்கேன் பண்ணுங்கள் என்பார். பணம் வாங்குவதற்கு ஸ்கேனும் தேவையில்லை, யுபிஐ பின்னும் தேவையில்லை. பின் கேட்கிறது என்றாலே பணம் உங்கள் கணக்கிலிருந்து போகப் போகிறது. நேரில் வருகிறவர் 'அனுப்பிட்டேன்' என்று காட்டுகிற திரையையும் நம்ப வேண்டாம். அப்படிக் காட்டுவதற்கென்றே போலி ஆப்கள் இருக்கின்றன. உங்கள் வங்கிக் கணக்கைத் திறந்து தொகை ஏறியதைப் பார்த்த பிறகு போனைக் கொடுங்கள். சந்திக்கிற இடம் ஆள் நடமாட்டம் உள்ள டீக்கடையாகவோ பேக்கரியாகவோ இருக்கட்டும்.

சொந்தக்காரர்களுக்கு விற்கலாமா என்று கேட்டால், நான் வேண்டாம் என்பேன். சும்மா கொடுப்பதாக இருந்தால் கொடுத்துவிடலாம். காசு வாங்கிக்கொண்டு கொடுத்த போனில் மூன்றாவது மாதம் டிஸ்ப்ளேவில் பச்சைக் கோடு விழுந்தால், அதற்கு அப்புறம் வருகிற ஒவ்வொரு விசேஷத்திலும் அந்தக் கோட்டைப் பற்றிப் பேசுவார்கள்.

விற்கிற காலமும் கொஞ்சம் கணக்கில் வரும். காலேஜ் திறக்கிற ஜூன், ஜூலையில் செகண்ட் ஹேண்ட் போன் தேடி வருகிற பிள்ளைகள் அதிகம். தீபாவளி முடிந்ததும் எக்ஸ்சேஞ்சில் வந்த போன்கள் கடைகளில் குவிந்து கிடக்கும், அப்போது போய் நின்றால் நல்ல விலை எதிர்பார்க்க முடியாது.

லாக் என்கிற தலைவலி

போன் நன்றாக இருந்தும், பில் இருந்தும், விற்க முடியாமல் திரும்பி வருகிறவர்கள் இருக்கிறார்கள். காரணம், போனுக்குள் இருக்கிற கணக்கின் பாஸ்வேர்டு அவர்களுக்கே தெரியாது. போன் வாங்கின அன்றைக்குக் கடையில் இருந்த தம்பி, "அண்ணா, ஜிமெயில் இருக்குதுங்களா? இல்லைன்னா நானே போட்டுடறேன்" என்று ஒன்றைப் போட்டுக் கொடுத்திருப்பார். மூன்று வருஷமாக அதில்தான் எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும். பாஸ்வேர்டு அவருக்கும் ஞாபகம் இருக்காது.

இது ஏன் தலைவலி ஆகிறது என்றால், திருட்டைத் தடுக்கப் போன்களுக்குள் ஒரு பூட்டு வைத்திருக்கிறார்கள். ஆப்பிள் இதை 2013-இல் ஐஓஎஸ் 7-உடன் கொண்டுவந்தது. ஆண்ட்ராய்டில் 2015-இல் 5.1 பதிப்போடு வந்தது. கணக்கை எடுக்காமல் வெளியிலிருந்து பட்டன்களை அழுத்தி ரீசெட் போட்டால், போன் திரும்ப எழுந்ததும் பழைய கணக்கின் பாஸ்வேர்டைக் கேட்கும். தெரியாவிட்டால் அதற்கு மேல் போகாது. வாங்கியவரின் பார்வையில் அது திருட்டுப் போன் போலவே நடந்துகொள்ளும். சாம்சங்கிலும் ஷாவ்மியிலும் கூகுள் கணக்கோடு அந்தந்த நிறுவனத்தின் சொந்தக் கணக்கும் இருக்கலாம், அதையும் எடுக்க வேண்டும்.

ஆகவே வரிசை முக்கியம். முதலில் புதுப் போனில் எல்லாம் வந்து சேர வேண்டும். போட்டோக்கள் சரி, அதைப் பெரும்பாலானவர்கள் மறப்பதில்லை. வாட்ஸ்அப் பேக்கப்தான் பாதியில் நிற்கும். 2024-இலிருந்து ஆண்ட்ராய்டு வாட்ஸ்அப் பேக்கப்பும் கூகுளின் இலவச 15 ஜிபிக்குள் சேர்த்துக் கணக்கிடப்படுகிறது. குட் மார்னிங் படங்களும் கல்யாண வீடியோக்களும் அதை எப்போதோ நிரப்பியிருக்கும். அப்படியானால் இரண்டு போன்களையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, வாட்ஸ்அப் செட்டிங்ஸில் உள்ள சாட் மாற்றும் வசதியில் க்யூஆரை ஸ்கேன் பண்ணி நேரடியாக மாற்றிக்கொள்ளலாம், கூகுள் டிரைவ் தேவையில்லை. யுபிஐ ஆப் புதுப் போனில் பதிவாகி, ஒரு ரூபாய் அனுப்பிப் பார்த்த பிறகே பழையதில் கையை வையுங்கள். இசிம் (தனி அட்டை இல்லாமல் போனுக்குள்ளேயே இருக்கிற சிம்) வைத்திருப்பவர்கள் அதைப் புதுப் போனுக்கு மாற்றும் வரை பழையதை ரீசெட் பண்ணக் கூடாது. நம்பரே போய்விட்டால் ஓடிபியும் வராது, கம்பெனி ஸ்டோருக்கு அலைய வேண்டியதுதான். மெமரி கார்டையும் சிம்மையும் கழற்றுங்கள் என்று சொல்வது சின்னப் பிள்ளைக்குச் சொல்வது மாதிரி இருக்கும், ஆனால் கடை மேசைகளில் அவை கிடப்பதைப் பார்த்தால் சொல்லத்தான் தோன்றுகிறது.

இதெல்லாம் முடிந்த பிறகு, செட்டிங்ஸில் போய் ஒவ்வொரு கணக்கையும் எடுங்கள். ஐபோனில் மேலே உங்கள் பெயரைத் தொட்டு சைன் அவுட். பிறகு அதே செட்டிங்ஸுக்குள் இருந்தே ரீசெட். கடைசியாக, போன் திரும்ப எழுந்து மொழி கேட்கும் இடம் தாண்டி, பழைய கணக்கு எதையும் கேட்காமல் முகப்புத் திரைவரை போகிறதா என்று வாங்குகிறவர் கண் முன்னாலேயே காட்டுங்கள். அவர் மனதில் இருக்கிற பாதி சந்தேகம் அங்கேயே கரைந்துவிடும்.

ரீசெட் பண்ணினாலும் போட்டோவைத் திரும்ப எடுத்துவிடுவார்களாமே என்ற பயம் பலருக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, இருக்கிறது. பழைய பட்டன் போன், ஆரம்பகால ஆண்ட்ராய்டு காலத்தில் அந்தப் பயத்துக்குக் காரணம் இருந்தது. அப்போது அழித்தல் என்பது பெரும்பாலும் பட்டியலிலிருந்து பெயரை எடுப்பதுதான், படம் உள்ளேயே கிடக்கும். இப்போது நிலைமை வேறு. ஆண்ட்ராய்டு 10-உடன் வெளிவந்த போன்கள் முதல் எல்லாவற்றிலும் உள்ளே உள்ள தகவல் குறியாக்கம் செய்துதான், அதாவது சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி மாற்றித்தான், வைக்கப்படுகிறது. ஐபோனில் அதற்கும் பல வருஷம் முன்பிருந்தே. ரீசெட் பண்ணும்போது அந்தக் குறியாக்கத்தின் சாவி அழிக்கப்படுகிறது. மிச்சமிருப்பது யாருக்கும் படிக்க வராத குப்பை. அதனால் ஸ்கிரீன் லாக் போட்டு வைத்திருந்த, ஓரளவு புதிய போன் என்றால் முறையான ஒரு ரீசெட் போதும். ரொம்பப் பழைய மாடல் என்றால் ரீசெட் பண்ணி, பெரிய வீடியோவாக எடுத்து மெமரியை நிரப்பி, மறுபடி ஒரு ரீசெட் பண்ணலாம். அதுவும் மனசு ஒப்பவில்லையா, விற்க வேண்டாம். 1,500 ரூபாய்க்காகத் தூக்கம் கெடுவானேன்?

பில், பாக்ஸ், ஐஎம்இஐ

*#06# என்று டயல் பண்ணினால் 15 இலக்க ஐஎம்இஐ எண் திரையில் வரும். இரண்டு சிம் போனில் இரண்டு எண் வரும். இதே எண் பாக்ஸிலும் பில்லிலும் இருக்கும். மூன்றும் ஒத்துப்போனால், இந்தப் போனை முறையாக வாங்கியவர் நீங்கள் என்று வாங்குகிறவர் நம்பலாம். கடைக்காரர் 'பில்லு பாக்ஸ்' கேட்பது இதற்குத்தான். அட்டைப்பெட்டிக்காக யாரும் காசு தருவதில்லை. பில் தொலைந்திருந்தால் இணையத்தில் வாங்கிய போனுக்கு ஆர்டர் பக்கத்திலேயே திரும்ப எடுக்கலாம். ஷோரூமில் வாங்கியிருந்தால், பில் போட்ட மொபைல் நம்பரைச் சொன்னால் பல இடங்களில் நகல் தருவார்கள்.

திருட்டுப் போன்களை முடக்க மத்திய தொலைத்தொடர்புத் துறை நாடு முழுவதற்குமாக 2023 மே மாதம் ஒரு ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. சஞ்சார் சாத்தி என்ற தளத்தில் புகார் கொடுத்தால் அந்த ஐஎம்இஐ முடக்கப்பட்டு, இந்தியாவில் எந்த சிம் போட்டாலும் வேலை செய்யாது. ஒரு போன் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்ப்பதும் சுலபம். எஸ்எம்எஸ்ஸில் கே, ஒய், எம் என்ற மூன்று ஆங்கில எழுத்துகள், ஒரு இடைவெளி, ஐஎம்இஐ எண் என்று அடித்து 14422-க்கு அனுப்பினால் பதில் வரும். விற்கிற நீங்களே இதை அனுப்பி, வந்த பதிலை வாங்குகிறவருக்குக் காட்டலாம். எப்போதோ போன் தொலைந்து, முடக்கி, பிறகு கிடைத்திருந்தால் அந்த முடக்கத்தை நீக்கினீர்களா என்று இப்போதே பார்த்துவிடுங்கள். ஐஎம்இஐயையே மாற்றித் தருகிறேன் என்று சொல்கிறவர் பக்கம் தலைவைத்தும் படுக்க வேண்டாம். 2023 தொலைத்தொடர்புச் சட்டப்படி அதற்கு மூன்று வருஷம் வரை சிறை, 50 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே.

தவணையில் வாங்கிய போன் என்றால், கடன் முடிந்ததற்கான கடிதத்தையும் கையில் எடுத்துக்கொண்டு போங்கள். தவணை கட்டாத போனைத் தூரத்திலிருந்தே லாக் பண்ணும் ஏற்பாடு உண்டு என்பது கடைக்காரர்களுக்குத் தெரியும், அதனால் அவர்கள் கேட்காமல் விட மாட்டார்கள்.

விற்கும்போது ஒரு வெள்ளைத் தாள் போதும். மாடல், இரண்டு ஐஎம்இஐ எண்கள், தொகை, தேதியோடு மணியும், இருவர் பெயர், முகவரி, கையெழுத்து. மணி எதற்கு என்றால், அந்தப் போனை வைத்து யாராவது ஏதாவது செய்தால் போலீஸ் முதலில் தேடி வருவது பில்லில் பெயர் உள்ளவரைத்தான். எந்த நேரத்திலிருந்து அது உங்கள் கையில் இல்லை என்று காட்ட அந்தத் தாள்தான் இருக்கும். கடையில் ஆதார் நகல் கேட்பார்கள். திருட்டுப் பொருள் வாங்கிய வழக்கில் மாட்டாமல் இருக்க அவர்களுக்கும் அது வேண்டும். கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரிகிற மறைப்பு ஆதாரை ஆதார் தளத்திலிருந்தே எடுத்துக் கொடுக்கலாம். அதன் குறுக்கே 'இந்த ஐஎம்இஐ போன் விற்பனைக்கு மட்டும்' என்று எழுதித் தேதி போட்டுக் கொடுங்கள்.

யாருக்கும் வேண்டாத போன்

டிஸ்ப்ளே நொறுங்கி, போர்டு போன போனுக்கும் உதிரி பாகத்துக்கென்று சில நூறு ரூபாய் கிடைக்கலாம். திறக்க முடியாத போனை ரீசெட் பண்ணவும் முடியாது என்பதை மறக்காமல் இருந்தால் சரி. அப்படிப்பட்டதை விற்கும் முன், வேறு போனிலிருந்து உங்கள் கூகுள் கணக்குக்குள் போய், அந்தப் பழைய போனைச் சாதனப் பட்டியலிலிருந்து வெளியேற்றிவிடுங்கள், பாஸ்வேர்டையும் மாற்றிவிடுங்கள்.

பின்பக்க மூடி உப்பியிருந்தால் அது பேட்டரி வீங்கியதன் அடையாளம். அதைச் சார்ஜ் போடவும் கூடாது, அழுத்திச் சரிசெய்யவும் கூடாது, குப்பைத் தொட்டியில் வீசவும் கூடாது. குத்துப்பட்டால் தீப்பிடிக்கும். 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த மின்கழிவு விதிகள், இப்படிப்பட்ட கழிவை மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பைத் தயாரித்த நிறுவனங்கள் மேல் வைத்திருக்கின்றன. அந்த பிராண்டின் சர்வீஸ் சென்டரில் கேட்டால் எங்கே கொடுக்கலாம் என்று சொல்வார்கள்.

ஓடுகிற, ஆனால் விலை போகாத போனை வீட்டில் பாட்டு கேட்கவும் பிள்ளைகள் பாடம் பார்க்கவும் வைத்துக்கொள்ளலாம். அப்டேட் நின்றுபோனதாக இருந்தால் வங்கி ஆப்பையும் யுபிஐயையும் மட்டும் அதில் வைக்காதீர்கள். சார்ஜரிலேயே நாள் முழுக்கச் செருகியும் விடாதீர்கள், பேட்டரி வீங்குவது பாதி இடங்களில் அப்படித்தான்.